தன்பாலீர்ப்புள்ளவருக்குச் சாமியும் ஊரும் உண்டா?

"தன்பாலீர்ப்புள்ளவன் என்று தெரிந்த பிறகும், குமரி மாவட்டத்துக் கிராமத்தில் பக்தியோடும் ஊரோடும் ஒட்டி வாழ முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நான் வாழ்கிறேன், எழுதுகிறேன். எளிது என்று சொல்லமாட்டேன்.

சட்டப்படி 2018 செப்டம்பர் 6 முதல் இது குற்றமில்லை. திருமண உரிமை இன்னும் கிடைக்கவில்லை.

பக்தியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் மாவட்டத்துச் சாமித்தோப்புக்குத்தான் போகவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதிக்கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டரின் பதி, அதாவது கோயில், அங்கே இருக்கிறது. அதன் கருவறையான பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடி இருக்கும். ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி உள்ளே போவோம். ஒடுக்கப்பட்டவர்கள் தலைப்பாகை கட்டத் தடையிருந்த திருவிதாங்கூரில் அவர் கட்டச் சொன்னது அது. பத்தொன்பது வயதில், என்னையே வெறுத்துக்கொண்டிருந்த நாளில், அந்தக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். அழுதுவிட்டேன். அன்றிலிருந்து சாமியிடம் மன்னிப்புக் கேட்பதை நிறுத்தினேன்.

கலையும் துணைநின்றது. ஊர்க்கோயில் கொடைவிழாக்களில் கணியான் கூத்து நடக்கும். மகுடம் என்ற தோல்வாத்தியம் முழங்க, ஆண்கள் பெண்வேடமிட்டு ஆடுவார்கள். ஊரே பயபக்தியோடு பார்க்கும். (அந்த ஆட்டக்காரர்கள் என்னைப் போன்றவர்கள் என்று சொல்லவரவில்லை, அது அவர்கள் குலக்கலை.) ஆண் என்றால் ஒரே சாயல்தான் என்ற எண்ணம் எனக்கு உடைந்தது அங்கேதான்.

ஊர்தான் கடினம். எங்கள் ஊரில் கல்யாணமான ஆணே தலைக்கட்டு, அதாவது ஊர்க்கணக்கில் ஒரு குடும்பம்; மற்றவனுக்குக் கொடைவரியும் இல்லை, ஊர்க் கூட்டத்தில் பேச்சும் இல்லை. இந்தக் கொடைக்கு வரி எழுதும்போது என் அம்மை, "எம் மவன் பேரையும் எழுதுங்க" என்று நின்றாள். எழுதினார்கள்.