கோட் ஒன்றுதான், சில்வர் ஏன் இரண்டாகத் தெரிகிறது?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "என் சில்வர் நிற வேகன் ஆரின் இடப்பக்க முன் மட்கார்டில் முச்சக்கர வண்டி உரசி நெளிந்துவிட்டது. போன ஆவணியில் நெளிவெடுத்து, வண்டியின் பெயின்ட் கோட் நம்பரைப் பார்த்தே கலவை வாங்கி அடித்தார்கள். கராஜுக்குள் குறை தெரியவில்லை. வீட்டு வாசலில் வெயிலில் நிறுத்தினால், நேரே பார்க்கும்போது மட்கார்ட் கதவைவிட வெளுப்பாக இருக்கிறது. சாய்வாகப் பார்த்தால் கதவைவிடக் கறுப்பாக இருக்கிறது. பிழையான பெயின்ட் கொடுத்துவிட்டார்களா? முழு வண்டியும் அடிக்க வேண்டுமா?"

முழு வண்டியும் அடிக்க வேண்டாம். பெயின்டும் பெரும்பாலும் சரியானதுதான். நேரே வெளுப்பு, சாய்வில் கறுப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே காரணம் இருக்கிறது. பெயின்ட் தகட்டில் விழுமுன்பே பாதி காய்ந்திருக்கிறது.

சில்வருக்குப் பளபளப்பைத் தருவது அதற்குள் மிதக்கும் அலுமினியச் செதில்கள். கரையில் காயப்போட்ட நெத்தலியை நினைத்துப் பாருங்கள். பாயில் தட்டையாகப் பரப்பியிருந்தால், மேலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளியாக மின்னும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு மின்னல் அவ்வளவாகத் தெரியாது. குவித்துப் போட்டிருந்தால் எந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் மின்னும். பெயின்ட் ஈரமாக விழுந்தால் செதில்கள் நீந்திப் பல கோணங்களில் நிற்கும். நேர்ப்பார்வைக்கு நிறம் சற்றுக் கறுக்கும். காய்ந்து விழுந்தால் செதில்கள் படுத்துவிடும். நேரே வெளுக்கும், சாய்வில் கறுக்கும். உங்கள் மட்கார்டில் நடந்தது இதுதான்.

பெயின்ட் தெளிக்கும் கன்னைத் தூரப் பிடித்தாலும், காற்றழுத்தத்தைக் கூட்டினாலும், பெயின்டை இளக்க வேகமாகக் காயும் தின்னர் ஊற்றினாலும் இப்படி ஆகும். நமது ஊரில் இன்னொன்றும் உண்டு: கச்சான் காற்று. ஆவணியில் அந்தச் சூட்டுக் காற்று வீசும்போது, கன்னிலிருந்து புறப்பட்ட துளி தகட்டைத் தொடுமுன்பே பாதி காய்ந்துவிடும். மார்கழி மழையில் நிலைமை நேர்மாறு. நானே ஒரு வண்டிக்கு ஒரே கலவையில் ஆவணியில் ஒரு கதவும் மார்கழியில் மறு கதவும் அடித்து, இரண்டு சில்வர்களாக்கிக் கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து காலநிலை பார்த்துத் தின்னர் மாற்றாமல் சில்வர் போன்ற மெட்டாலிக் பெயின்ட் அடிப்பதில்லை.

கோட் அவசியம்தான். சுசுகியில் இசட்2எஸ், டொயோட்டாவில் 1எஃப்7 என்று பொனட்டுக்குள் அல்லது கதவுத் தூணில் உள்ள தகட்டில் இருக்கும். ஆனால் ஒரே கோடில் தொழிற்சாலையில் அடிக்கும்போதே சிறு வித்தியாசங்கள் வரும். அதனால்தான் பெயின்ட் கம்பனிகள் ஒரு கோடுக்குப் பல சாயல்களை வைத்திருக்கின்றன. கலவை வாங்கப் போகும்போது பெட்ரோல் ஊற்றும் இடத்தின் பெயின்ட் அடித்த வெளி மூடியைக் கழற்றி, கொம்பவுண்ட் என்ற பொலிஷ் பசை போட்டுத் துடைத்து எடுத்துச் செல்லுங்கள். கடையில் எந்தச் சாயல் நெருங்குகிறது என்று வெளிச்சத்துக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வண்டியைத் தொடுமுன் ஒரு மாதிரி அட்டை. மட்கார்டுக்குப் போடும் அதே நிற பிரைமர் (அடிப்பூச்சு) பூசிய அட்டையில், அதே கன், அதே அழுத்தம், அதே எண்ணிக்கைப் பூச்சு. பாதி அட்டைக்கு, நிறத்துக்கு மேல் வரும் கண்ணாடி போன்ற பூச்சான கிளியரும் அடிக்க வேண்டும், ஏனென்றால் கிளியர் இல்லாத சில்வர் வேறு நிறமாகத் தெரியும். காய்ந்தபின் கதவோடு ஒட்டி, செங்குத்தாகப் பிடித்து, வெளி வெளிச்சத்தில் நேரேயும் இருபக்கச் சாய்விலும் பாருங்கள். டியூப் லைட்டின் கீழ் பார்த்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள். பெயின்ட் அடிக்கும் பாஸுக்கு இதனால் அரை நாள் கூடுதலாகலாம், ஆனாலும் கேளுங்கள்.

அட்டையின் நிறம் கதவோடு ஒத்துப்போன பிறகும் மட்கார்டை மட்டும் அடித்து நிறுத்தினால், மட்கார்டும் கதவும் இடுக்கின் இருபுறமும் அருகருகே நிற்பதால் கண் சிறு வித்தியாசத்தையும் பிடித்துவிடும். ஆகவே நிறத்தைக் கதவுக்குள் கரைக்க வேண்டும். மட்கார்டை 800 நம்பர் தாளால் உரசி, சில்வரை முழுதாக மறுபடி அடிப்பார்கள். கதவின் பழைய கிளியரை மெல்லிய தாளால் மங்கலாக்கி, முன்பக்க ஓரத்திலிருந்து ஒரு சாண் இரண்டு சாண் தூரத்துக்குள் சில்வர் மெல்ல மெல்லக் குறைந்து மறையும்படி அடிப்பார்கள். கிளியர் மட்டும் கதவு முழுவதுக்கும், விளிம்புவரை. கிளியரைக் கதவின் நடுவில் நிறுத்த விடாதீர்கள். சில மாதங்களில் நிறுத்திய இடத்தின் ஓரம் எழும்பி நிற்கும். பொனட் வேறு தளத்தில் படுத்திருப்பதால் சிறு வித்தியாசம் அங்கே அவ்வளவாக உறுத்தாது. பம்பர் பிளாஸ்டிக், தொழிற்சாலையிலிருந்தே பல வண்டிகளில் ஒரு மயிரிழை வேறாகத்தான் வரும், அதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

கொம்பவுண்ட் போட்டால் நிறம் சேர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கொம்பவுண்ட் கிளியரைத்தான் தேய்க்கும். கீழே படுத்திருக்கும் செதில்களை அது எழுப்பாது.

கடற்கரையோரம் இருப்பவர் என்பதால் ஒன்று. உரசத் தொடங்குமுன் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட வேண்டும். உப்புத் துகள் பெயின்டுக்கடியில் அகப்பட்டால் பின்னால் கொப்புளம் போடும். கலவையை அடிவரை கிளறச் சொல்லுங்கள், அலுமினியம் சீக்கிரம் அடியில் படியும். ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) சேர்த்த கிளியரை அடிக்கும்போது எழும் புகை நுரையீரலுக்குக் கேடு. துணி முகமூடி போதாது, அதற்குரிய வடிகட்டி மாஸ்க் வேண்டும். அங்கே சிறுபிள்ளைகள் நிற்க விடாதீர்கள்.

கதவையும் சேர்ப்பதால் கூலி கூடும், அதை வேலைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். முடிந்ததும் அந்த மாதிரி அட்டையைக் கேட்டு வாங்கி, பின்புறத்தில் கோட், சாயல், தின்னர், அழுத்தம் நான்கையும் எழுதுவித்து டாஷ்போர்டுக்குள் வையுங்கள். அடுத்த முறை எந்தக் கராஜுக்குப் போனாலும் முதலில் அதைக் கொடுங்கள்.