ஊராட்சி என்றால் குப்பை சேராதா? வாசகர் கேள்வி–பதில்

சேலையூரில் குடியிருக்கிறோம். 1913-க்கு மூன்று முறை போன் செய்தும் குப்பை வண்டி வரவில்லையே?

1913 சென்னை மாநகராட்சியின் எண். சேலையூர் இருப்பது தாம்பரம் மாநகராட்சியில். சொத்து வரி ரசீதின் மேலேயே எந்த உள்ளாட்சி என்று அச்சாகியிருக்கும். புகார் கொடுக்கும் முன் அதை எடுத்துப் பாருங்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

பால் பாக்கெட்டைக் காயலான் கடையில் வாங்க மறுக்கிறார்கள்.

கழுவாமல் கொடுத்திருப்பீர்கள். பால் புளித்து நாறும் பாக்கெட்டுகளை யாரும் தொடமாட்டார்கள். வெட்டும்போது மூலையைத் துண்டாக்காமல் ஒட்டியபடியே விடுங்கள். கழுவி, கொடியில் போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு கட்டுங்கள். சிப்ஸ் பாக்கெட் அப்படியல்ல. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியது, அதற்கு விலை கிடையாது. உலர் குப்பையில் போடுங்கள்.

தரம் பிரித்துத்தான் கொடுக்கிறோம். வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே?

வண்டி எண், தேதி, நேரம் தெரிகிற மாதிரி படம் எடுத்து, சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்ன புகார் எங்கும் பதிவாகாது. தூய்மைப் பணியாளரிடம் சண்டை போடாதீர்கள். தடுப்பு இல்லாத வண்டியைக் கொடுத்தது அவர் அல்ல. அதற்காக நீங்கள் பிரிப்பதை நிறுத்திவிடவும் கூடாது. ஈரம் பட்ட காகிதமும் அட்டையும் அதோடு குப்பைதான்.

தாம்பரத்தை ஒட்டிய ஊராட்சியில் இருக்கிறோம். ட்யூப்லைட், பழைய பேட்டரி, காலாவதி மாத்திரைகளை எங்கே கொடுப்பது? கேட்டால் "இது கிராமம்மா, அதெல்லாம் சிட்டியில்தான்" என்கிறார்கள்.

இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இதற்குத் தெளிவான கணக்கு இருந்தது. வீட்டு அபாயக் கழிவைப் பெற்றுக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம். மிச்சமிருக்கும் துண்டுப் பரப்புக்கும் ஒன்று. திறந்திருக்கும் நேரத்தையும் அறிவிக்க வேண்டும் என்றிருந்தது. அந்தக் கணக்குப்படி 426 சதுர கிலோமீட்டர் சென்னைக்கு 22 இருக்க வேண்டும். சுமார் 87 உள்ள தாம்பரத்துக்கு 5. ஏறக்குறைய 65 உள்ள ஆவடிக்கு 4. உங்கள் ஊரில் எத்தனை, எங்கே என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த விதிகள் மாநகராட்சிக்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரமாகக் கணக்கான ஊராட்சிகளுக்கும் பொருந்தின. மேடவாக்கம் 2011 கணக்கெடுப்பிலேயே அப்படி வந்துவிட்டது. அடுக்குமாடிக்கு அனுமதி கொடுக்கும்போது நகரம், குப்பை எடுக்கச் சொன்னால் கிராமம் என்பது நியாயமே இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் தினமும் வண்டி வருகிறது, இந்தப் பக்கம் ஏரிக்கரையில் எரிகிறது. அந்தப் புகையை இரண்டு பக்கத்துக் குழந்தைகளும்தான் சுவாசிக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மூன்றே கேள்வி கேளுங்கள்: மையங்கள் எத்தனை, முகவரி என்ன, நேரம் என்ன. 30 நாளில் பதில் வர வேண்டும். "இல்லை" என்று வந்தால் அதுவே உங்கள் ஆதாரம். அதை வைத்து அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மான நகலை வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுங்கள். எல்லாம் எழுத்தில், ஒப்புகையோடு.

அதுவரை ட்யூப்லைட்டை அது வந்த அட்டை உறையிலேயே நிறுத்தி வையுங்கள். உடைந்தால் பாதரசம் வெளிவரும். செல்போன் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். குப்பையோடு போனால் வண்டி அமுக்கும்போது தீப்பிடிக்கும்.

பானையில் போட்ட உரத்தில் புழுவும் நாற்றமும்.

புழு கெடுதல் செய்யாது. நாற்றம்தான் கோளாறு: ஈரம் அதிகம், காற்று இல்லை. ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவுக்கு இரண்டு கிண்ணம் காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ போட்டு, வாரம் இருமுறை கிளறுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. சாம்பார், ரசத்தை அப்படியே ஊற்றாமல் வடித்துப் போடுங்கள். தேங்காய் ஓடு வேண்டாம். நாலு பேர் வீட்டுக்கு 30 லிட்டர் பானை மூன்று வேண்டும். மட்க இரண்டு மாதம் ஆகும்.

எங்கள் குடியிருப்பில் 60 வீடு. நாங்களே உரம் போட வேண்டும் என்கிறார்களே?

வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு அரைக் கிலோ என்று வைத்தாலும் நாளுக்கு 120 கிலோ. நாளுக்கு 100 கிலோ தாண்டினாலே மொத்தக் கழிவு உருவாக்குபவர் (ஒரே இடத்தில் அதிகக் குப்பை சேர்ப்பவர்) கணக்கில்தான் வருவீர்கள். அவர்கள் சொல்வது சரி.

டயாபர்?

செய்தித்தாளில் சுற்றி, சிவப்புக் குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். பிரிப்பவர் வெறுங்கையால் திறக்க நேரக்கூடாது.

பாத்ரூம் இடித்த கட்டடக் கழிவு பத்து மூட்டை இருக்கிறது. ஏரி ஓரத்தில் கொட்டலாமா?

கூடாது. மேஸ்திரியிடம் வேலை பேசும்போதே, கழிவு எங்கே போகும் என்பதையும் பேசி எழுதி வாங்குங்கள். செங்கல், கான்கிரீட்டோடு மரமும் பெயின்ட் டப்பாவும் கலக்காமல் மூட்டை கட்டுங்கள். சென்னை மாநகராட்சிக்குள் என்றால் 1913-இல் பதிவு செய்யலாம். வெளியே என்றால், முதல் பதிலுக்குப் போய் உங்கள் உள்ளாட்சி எது என்று பாருங்கள்.