நிர்வாண சைக்கிள் ஊர்வலம்: வீரவநல்லூர்த் தம்பிக்குப் பதில்

வீரவநல்லூரிலிருந்து லண்டன் வந்து இன்னும் வருஷம் திரும்பாத தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள் ஜூன் மாத நிர்வாண சைக்கிள் ஊர்வலத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போனால் போலீஸ் பிடிக்குமா, விசாவுக்கு வம்பு வருமா? ஓட்டாமல் ஓரமாக நின்று போட்டோ எடுத்தால் தப்பா?"

தம்பி, போலீஸ் பயத்தை முதலில் தள்ளி வையுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது இடத்தில் உடுப்பில்லாமல் இருப்பது மட்டுமே குற்றமாகாது. 2003-ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, பார்ப்பவரை மிரள வைக்க வேண்டும், நோகடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு காட்டுகிறவனைத்தான் பிடிக்கும். ஊர்வலத்தில் போகிறவர்களுக்கு அந்த எண்ணம் கிடையாது. கேஸே இல்லாத இடத்தில் விசாவுக்கு என்ன வம்பு? குடித்துவிட்டு அங்கே சேட்டை பண்ணினால் அது தனிக் கதை. இந்தச் சட்டத்தை நம்பி வேறு நாட்டில் போய்த் துணியைக் கழற்றிவிடாதீர்கள், நாட்டுக்கு நாடு மாறும்.

இது வெறும் கூத்து என்று நினைக்கிறார்கள். 2004-இல் கனடாவின் வான்கூவரில் கான்ராட் ஷ்மிட் என்பவர் ஆரம்பித்து வைத்தது. எண்ணெயையும் காரையும் நம்பி ஊர் நடப்பதற்கு எதிர்ப்பு. கூடவே, காருக்கு முன்னால் சைக்கிள்காரனுக்குத் தோலைத் தவிர வேறு தடுப்பு இல்லை என்று கண்ணுக்கு நேராகக் காட்டுவது. வடக்கு நாடுகளில் பெரும்பாலும் ஜூனில், ஆஸ்திரேலியா பக்கம் மார்ச்சில் நடக்கும். லண்டனில் பல இடங்களிலிருந்து கிளம்பி ஒன்றாகச் சேர்ந்து, ஹைட் பார்க் கார்னரில் வெலிங்டன் வளைவுப் பக்கம் வந்து முடிப்பார்கள். கட்டணம் இல்லை.

முழுசாகக் கழற்றியே ஆக வேண்டும் என்றும் இல்லை. எவ்வளவு துணிச்சலோ அவ்வளவு களைந்தால் போதும். நான் அரை டவுசரோடு ஓட்டியிருக்கிறேன், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. உடம்பு பூராவும் பெயிண்ட் அடித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு, ஜட்டியோடு வருபவர்கள் உண்டு. சீட்டின் மேல் ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கழற்றுவதைக் கூடுகிற இடத்தில்தான் செய்ய வேண்டும், ஊர்வலம் முடிகிற இடத்திலேயே உடுத்திவிட வேண்டும். திருநெல்வேலி குறுக்குத்துறைப் படித்துறையில் துண்டோடு நிற்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதே ஆள் அதே துண்டோடு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் நின்றால் கூட்டம் கூடிவிடும். இங்கேயும் டியூப் ரயிலில் அப்படி ஏறினால் அதே நிலைமைதான்.

இனி கேமரா. நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். தெருவில் போகிறவரைப் படமெடுக்க இங்கே யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அதே 2003 சட்டத்தில் ஒளிந்து பார்ப்பதைத் தண்டிக்கும் 67-ஆம் பிரிவு, அந்தரங்கமான இடத்தில் இருப்பவருக்குத்தான் பாதுகாப்பு தரும், நடுரோட்டில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு உதவாது. கேட்டுவிட்டு எடுங்கள் என்று ஊர்வலக்காரர்கள் சொல்வார்கள். அது மரியாதை, சட்டமல்ல. பிக்காடிலி பக்கம் பாருங்கள், முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள்.

எடுத்த படம் லண்டனிலேயே தங்கிவிடுமா? ஆனித் தேரோட்டத்துக்கு ஊருக்கு வந்திருந்தபோது, கல்லிடைக்குறிச்சி டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் போனை நீட்டினார். "அண்ணாச்சி, இது உங்க லண்டன்தான? இந்தா பாருங்க, ஒருத்தன் வாரான், நம்மாளு மாதிரில்லா இருக்கான்." சொல்லிக்கொண்டே இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினார். விரல் போனது முகத்துக்கு. அத்தனை வெள்ளைக்காரர்கள் அம்மணமாகப் போகிறார்கள், அவர்களை யாரும் சட்டை பண்ணவில்லை. அந்தப் பையன் யார், எந்தத் தெரு, யார் மகன் என்பதுதான் அங்கே பேச்சு. டீ ஆறும்வரை பேசினார்கள்.

ஆகவே தம்பி, மறைப்பதென்றால் முகத்தை மறையுங்கள். பெரிய கூலிங் கிளாஸ், தொப்பி, முகத்தில் பெயிண்ட். கையில் கட்டிய கோயில் கயிறு, பச்சை குத்தியது, கழுத்தில் தொங்கும் ஆபீஸ் ஐடி கார்டு இதெல்லாம் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். கடைசியில் சொன்னதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், சிரிக்காதீர்கள். கூட வருகிற நண்பர்களிடம் உங்களை டேக் பண்ணக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உங்கள் போனில் கூகுள் போட்டோஸ் தானாகப் படங்களை மேலே ஏற்றுகிறதா என்று பாருங்கள். அம்மாவோடு ஆல்பத்தைப் பகிர்ந்திருக்கிறீர்கள் என்றால் அதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். பாளையங்கோட்டையில் என் தங்கை வீட்டு டிவியில் இப்படித்தான் குடும்பப் படம் நாள் பூராவும் தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஓரமாக நின்று எடுப்பது தப்பா என்றால், குற்றமில்லை. ஆனால் தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து எடுப்பதும், ஒரு பெண்ணைத் தனியாகக் குறிவைத்து எடுப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் செய்கிற ஆட்களைக் கூட்டமே அடையாளம் கண்டு சத்தம் போடும், அதில் நம்ம ஊர்ப் பையன்கள் மாட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கூசும். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் படத்தில் வந்தால் சட்டம் ரொம்பக் கடுமை, அந்தப் படத்தை வைத்துக்கொள்ளவே வேண்டாம். எடுத்ததை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் வேண்டாம். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஆம் பிரிவின்படி ஆபாசமானதை இணையத்தில் பரப்பினால் முதல் தடவைக்கே 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். நீங்கள் இங்கே இருப்பீர்கள், அதை நாலு பேருக்குத் தள்ளிவிட்ட உங்கள் சித்தப்பா மகன் அங்கே ஸ்டேஷன் வாசலில் நிற்பான்.

ஆபீஸ்காரர்கள் கூப்பிட்டார்கள் என்பதற்காகப் போக வேண்டாம். வேறு வேலை இருக்கிறது என்றால் யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள். போவதென்றால் முதல் தடவை டவுசரோடு போங்கள். வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் மட்டும் இந்த வருஷம் விட்டுவிடுங்கள். பெண் வீட்டார் உங்கள் சம்பளத்தை விசாரிக்கும் முன்னே உங்கள் பெயரைப் போட்டு இணையத்தில் தேடியிருப்பார்கள்.