அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போவது ஏன்? என்ன செய்தால் அவை மேம்படும்?

நான் ஆசிரியர் இல்லை, அதிகாரியும் இல்லை. சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்த வீட்டில் பிறந்து, கல்யாணமாகி 2014இல் ஏற்காடு மலைக்கு வந்தவள். வீட்டுக்காரருக்குக் காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலை. பெரியவன் எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது முடித்துவிட்டான், சின்னவள் அங்கேதான் படிக்கிறாள். கொரோனாவில் விட்டுப்போன பாடத்தை ஊரிலேயே சொல்லிக் கொடுக்கிற இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன், இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இந்த ஒரு பள்ளிதான். ஆனால் கூட்டங்களில் பக்கத்து ஊர்த் தாய்மார்களிடம் பேசினால் அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

பிறப்பு குறைந்துவிட்டது என்பது உண்மைதான். எங்கள் ஊரிலேயே முன்பு வீட்டுக்கு மூன்று பிள்ளைகள், இப்போது ஒன்றோ இரண்டோ. 2025 ஆகஸ்டில், 200க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரு மாணவர்கூட இல்லை என்று செய்தி வந்தபோது கல்வித் துறையும் பிறப்பு விகிதத்தைத்தான் காரணமாகச் சொன்னது. சரி, பிறக்காத பிள்ளையை யாரும் பள்ளிக்கு அனுப்ப முடியாது. இருக்கிற பிள்ளையையும் ஏன் கூட்டிக்கொண்டு போகிறார்கள்? எங்கள் மலையைப் பொறுத்தவரை, தலையை எண்ணி ஆசிரியர் போடுகிற முறைதான் இதற்கு முதல் காரணம் என்பேன்.

கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று பேர். ஆகஸ்ட் 1ஆம் தேதி இருக்கிற எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் நடக்கும், கூடுதலாகத் தெரிகிறவரை உபரி என்று எழுதிப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரே வகுப்பில் 30 பேர் உட்காருகிற டவுன் பள்ளிக்கு இந்தக் கணக்கு ஒத்துவரலாம். எங்கள் பள்ளியில் மொத்தமே 23 பிள்ளைகள், ஆனால் வகுப்பு ஐந்து. தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று எல்லாம் ஐந்து வகுப்புக்கும் தனித்தனியாக நடந்தாக வேண்டும். காகிதத்தில் ஈராசிரியர் பள்ளி, அதில் ஒருவர் மகப்பேறு விடுப்பிலோ மாற்றுப்பணியிலோ போய்விட்டால் மறுநாளே ஓராசிரியர் பள்ளி.

எங்களுக்கும் அப்படி ஒரு வருடம் வந்தது. இரண்டு டீச்சரில் ஒருவர் மாறுதல் வாங்கிக் கீழே போய்விட்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன், வயதான மாமியாரும் கைக்குழந்தையும் சேலத்தில், தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அந்த இடம் ஜூனில் காலியானது, பொங்கல் கழிந்தும் ஆள் வரவில்லை. நான் ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து வகுப்பும் ஒரே அறையில், சுவர் ஓரமாக வரிசை வரிசையாக. கரும்பலகையைச் சாக்பீஸால் நான்காகக் கோடு போட்டுப் பிரித்திருந்தார் டீச்சர். நான்காவதுக்கு வகுத்தல் கணக்கைப் போட்டுவிட்டு இரண்டாவதின் நோட்டைத் திருத்த உட்காரும்போது ஒன்றாவதில் ஒரு பையன் அழுகிறான், அவனைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் ஏதோ விவரம் உடனே ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்று போன் வருகிறது. எங்கள் ஊரில் சிக்னல் குழாயடிப் பலா மரத்துக்கு அடியில்தான் கிடைக்கும். அவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார். காலையிலிருந்து மதியச் சாப்பாட்டு மணி வரை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் கொடுக்க முடிந்த நேரம் இருபது நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான குறுவள மையத்தில் கூட்டம் என்றால் அந்த ஒருவரும் போயாக வேண்டும். அன்றைக்கெல்லாம் காலை உணவு சமைக்கிற அக்காவும் நானும்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டோம்.

அந்த வருடமே நான்கு வீடுகளில் பிள்ளைகளை எடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் ஏற்காடு டவுனில் கட்டணப் பள்ளிக்கு, இரண்டு பேர் சேலத்தில் ஹாஸ்டலுக்கு. ஏழு வயதுப் பெண்ணை ஹாஸ்டலில் விட்ட வீட்டு ஆயாவிடம், ஏன் ஆயா இப்படி என்று கேட்டேன். "ஏம்மா, அஞ்சு வகுப்புக்கு ஒத்த டீச்சரு என்னத்தச் சொல்லிக் குடுப்பாங்க? புள்ள போயி உக்காந்துட்டு வருது, அவ்வளவுதான். எனக்கு மட்டும் அனுப்ப மனசா இருக்கு?" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் குறைவு. ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் போகிறார்கள், பிள்ளைகள் இல்லை என்று ஆசிரியர் வருவதில்லை. எல்லோரும் சட்டப்படிதான் நடந்தார்கள், பள்ளி மட்டும் தேய்ந்தது.

இன்னொரு காரணம் எல்கேஜி. இது மலையைவிடக் கீழே அதிகம். மூன்று வயதில் பிள்ளையை எங்கே உட்கார வைக்கிறார்களோ அங்கேயேதான் ஐந்தாவது வரை இருக்கும். 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். நல்ல ஆரம்பம், ஆனால் எல்லாப் பள்ளிக்கும் வரவில்லை. இன்னொரு பக்கம் கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த குடும்பப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளி எல்கேஜியில் சேரும் பிள்ளைக்கு அரசே கட்டணம் கட்டுகிறது. கொண்டலாம்பட்டியில் தறி ஓட்டுகிற என் தங்கை மகன் அப்படித்தான் படிக்கிறான், அவளை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவள் தெருமுனை அரசுப் பள்ளியிலேயே எல்கேஜியும் அதற்கென்று ஒரு டீச்சரும் இருந்திருந்தால் அங்கேதான் சேர்த்திருப்பேன் என்று அவளே சொல்கிறாள்.

பணத் தகராறையும் சொல்ல வேண்டும். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம்ஸ்ரீ என்கிற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது, மாநில அரசு 2025இல் உச்ச நீதிமன்றம் போனது. அந்தக் கொள்கை சொல்கிற மும்மொழி வேண்டாம் என்பதில் நான் மாநிலத்தின் பக்கம்தான். ஆனால் பள்ளி எட்டாத குடியிருப்புப் பிள்ளைகளுக்கான வண்டி வசதியும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் சம்பளமும் இந்த நிதிக்குள்தான் வருகின்றன. காட்டெருமை நிற்கிற தோட்டப் பாதையில் ஏழு வயதுப் பிள்ளை மூன்று கிலோமீட்டர் நடந்து வர முடியாது. ஒரு கொள்கையில் கையெழுத்து வாங்குவதற்காகப் பிள்ளைகளின் பணத்தை நிறுத்துவது அநியாயம்.

நன்றாக நடப்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. காப்பிப் பழம் பறிக்கிற நவம்பர் முதல் ஜனவரி வரை அம்மாக்கள் விடியும் முன்னே வேலைக்குப் போய்விடுவார்கள், முன்பெல்லாம் பிள்ளைகளும் கூடவே போகும், பள்ளி பாதி காலியாக இருக்கும். இப்போது சூடாகச் சாப்பாடு இருக்கிறது என்பதால் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறார்கள். சமைப்பவரும் எங்கள் மகளிர் குழுவில் இருக்கிற ஒரு பிள்ளையின் அம்மாதான், அதனால் பருப்பில் தண்ணீர் அதிகமானால் நேராகவே கேட்க முடிகிறது.

அப்புறம், சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து கற்றுத்தருகிற எண்ணும் எழுத்தும் திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் அதற்குத் தெரிந்ததைப் பார்த்துக் குழு பிரிக்கிறார்கள். மலைப் பள்ளிக்கு இது பொருத்தமான முறை. கொரோனாவில் இரண்டு வருடம் வீட்டிலிருந்து நேராக மூன்றாவதுக்கு வந்த ஒரு பையன், அ எது ஆ எது என்று தெரியாதவன், அரும்பில் உட்கார்ந்தான். எழுத்து அட்டைகளைத் தரையில் பரப்பிச் சேர்த்துச் சேர்த்துப் படிக்க வைத்தார் டீச்சர். ஏழெட்டு மாதம் கழித்து எடை போடுகிற இடத்தில் அவன் அப்பாவோடு நின்றிருந்தான். சாக்கில் மையால் எழுதியிருந்ததை விரல் வைத்து "மி... ள... கு. மிளகு" என்று படித்தான். கைநாட்டு வைத்துக் கூலி வாங்குகிற அப்பா அடுத்த சாக்கையும் அவன் பக்கம் திருப்பி வைத்தார். அதிலும் மிளகு என்றுதான் இருந்தது. அவன் அதையும் படித்தான்.

இந்த முறைக்கு ஆள் வேண்டும். மூன்று குழுவுக்கும் மாறி மாறி உட்கார ஒருவரால் முடியாது. அதனால் எனக்குத் தெரிந்த வழி இதுதான்: மலை ஊர்களில் தலையை எண்ணாமல் வகுப்பை எண்ணி ஆசிரியர் தர வேண்டும். ஐந்து வகுப்புக்குக் குறைந்தது மூன்று பேர், பிள்ளைகள் 20 ஆனாலும் சரி. ஒவ்வொரு குறுவள மையத்திலும் விடுப்புக்குப் பதில் போக இரண்டு ஆசிரியர்கள் கையிருப்பில் இருக்க வேண்டும். விவரம் ஏற்றும் வேலைக்குத் தனி ஆள். தங்க ஒரு குடியிருப்பு இருந்தால் எங்கள் பழைய டீச்சர் இன்னும் இங்கேயே இருந்திருப்பார். 2025 ஆகஸ்ட் 8 அன்று வந்த மாநிலக் கல்விக் கொள்கையில் எல்லோரும் பேசுவது இருமொழி, பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து. இரண்டுமே எனக்குச் சம்மதம்தான், ஆனால் எங்கள் ஊரில் முதலில் கேட்பது நாளைக்கு வகுப்புக்கு யார் வருவார் என்பதை. போதாததற்கு, பணியில் இருக்கிற ஆசிரியர்களும் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, இத்தனை வருடம் பாடம் நடத்திய எங்கள் டீச்சர் சாப்பாட்டு நேரத்தில் கைடு வைத்துப் படிக்கிறார். அந்த நேரமும் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

இதெல்லாம் மேலே முடிவாக வேண்டியவை. நம் கையில் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். டீ குடித்துக் கையெழுத்துப் போடுகிற கூட்டமாகத்தான் நாங்களும் ஆரம்பித்தோம். அந்த ஓராசிரியர் வருடத்தில், டீச்சர் கூட்டத்துக்குப் போன நாட்களை ஒரு நோட்டில் தேதி வாரியாக எழுதினேன். பிள்ளைகளை எடுத்துவிட்ட வீடுகளின் காரணத்தையும் எழுதினோம். அதைத் தீர்மானமாக நிறைவேற்றி, அம்மாக்கள் ஆறு பேர் முதல் பஸ் பிடித்துத் திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போனோம். இரண்டு தடவை போன பிறகு, மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியர் ஒருவரை நியமிக்க அனுமதி வந்தது. வந்தவர் பக்கத்து ஊர்ப் பெண், இந்த மலையின் மலையாளிப் பழங்குடிச் சமூகத்தில் அந்த ஊரிலிருந்து ஆசிரியர் பயிற்சி முடித்த முதல் ஆள். பிள்ளைகள் வீட்டில் பேசுகிற பேச்சு அவருக்கு அப்படியே தெரியும். தொடக்க வகுப்பு நடத்துகிற இடைநிலை ஆசிரியருக்கு 2022இல் 7,500 ரூபாய் என்று ஆரம்பித்த தொகுப்பூதியம் பிறகு 12,000 ஆனது, அது போதாது, ஆனாலும் வந்தார். வெளியே போன நான்கில் மூன்று பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள், ஹாஸ்டலில் இருந்த அந்த ஆயா வீட்டுப் பெண் உட்பட.

அவருடைய வேலை கல்வியாண்டோடு முடிந்துவிடும், ஜூனில் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். இந்த முறை நாங்கள் ஜூன் வரை காத்திருக்கவில்லை, அடுத்த வருடத்துக்கான தீர்மானத்தை இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். நீங்கள் இருக்கிற ஊர்ப் பள்ளியில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டுப் பாருங்கள், தீர்மானம் எப்படி எழுதுவது என்று சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், எங்கள் நோட்டில் இருக்கிற வாசகத்தை அப்படியே போடுகிறேன்.