கிளைட் பாரோ, டில்லிஞ்சர் காலத்துத் துப்பாக்கிகள்: கேள்வி பதில்

டல்லாஸ் பக்கம் குடிவந்த நாளிலிருந்து கிளைட் பாரோ, டில்லிஞ்சர் மாதிரியான 1930களின் அமெரிக்கப் பெருமந்தக் காலக் கொள்ளையர்கள், அவர்களைத் துரத்திய போலீஸ்காரர்கள், இரண்டு தரப்பும் வைத்திருந்த துப்பாக்கிகள் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவற்றில் முடிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். முன்கூட்டியே இரண்டு விஷயம். "இந்தத் துப்பாக்கி என்ன விலை போகும்" என்று கேட்காதீர்கள். "எப்படி மாற்றிச் செய்தார்கள்" என்று செய்முறை கேட்காதீர்கள். இரண்டுக்கும் பதில் வராது.

கேள்வி: கிளைட் பாரோ பயன்படுத்தியது டாமி கன் தானே சார்? படங்களில் எல்லாம் அப்படித்தான் வருகிறது.

இல்லை. அவன் விரும்பி வைத்திருந்தது பிராவ்னிங் ஆட்டோமேட்டிக் ரைஃபிள், சுருக்கமாக பி.ஏ.ஆர். முதல் உலகப்போருக்காகச் செய்த ராணுவத் துப்பாக்கி அது. 20 தோட்டா மேகசின், எடை 7 கிலோவுக்கு மேல். டெக்சஸில் ஒரு சுடுதளத்தில் ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்தேன். தோளில் வைத்து ஒரு நிமிடம் நிற்பதற்குள் இடது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கிளைட் ஒல்லியான, குள்ளமான ஆள். அவன் இதைக் காருக்குள் திருப்ப வசதியாகக் குழலை வெட்டிக் குட்டையாக்கி வைத்திருந்தான்.

ஏன் இந்தச் சுமை? இரண்டு தோட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். தாம்சனில் (அதுதான் டாமி கன்) போடும் பாயிண்ட் 45 தோட்டா கட்டைவிரலின் மேல் பாதி அளவுதான் இருக்கும். பி.ஏ.ஆரில் போடும் 30-06 தோட்டா 8 சென்டிமீட்டருக்கு மேல் நீளம், நடுவிரல் அளவு. பாயிண்ட் 45-இன் குண்டு 15 கிராம், நொடிக்கு 250 மீட்டர் சொச்சம் போகும். 30-06 குண்டு 10 கிராம்தான், ஆனால் நொடிக்கு 800 மீட்டரைத் தாண்டும். வேகம் மூன்று மடங்கு என்றால் தாக்கும் சக்தி ஆறேழு மடங்கு. சண்டை எல்லாம் காரைச் சுற்றி நடந்த காலம் அது. கார் கதவைத் துளைக்குமா, துளைக்காதா என்பதில்தான் உயிரே இருந்தது.

1933 ஜூலையில் மிசௌரியில் பிளாட் சிட்டி என்ற ஊரில், பாரோ கும்பல் தங்கியிருந்த விடுதி அறைகளைப் போலீஸ் சுற்றி வளைத்தது. தாம்சன்கள் வைத்திருந்தார்கள், இரும்புத் தகடு அடித்த கவசக் கார் ஒன்றையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கிளைட்டின் பி.ஏ.ஆர் அந்தத் தகட்டைத் துளைத்துக்கொண்டு போய் டிரைவருக்குக் காயம். ஹாரன் வேறு நிற்காமல் அலற ஆரம்பித்தது. மற்ற போலீஸ்காரர்கள் அதைச் சுடுவதை நிறுத்தச் சொல்லும் சைகை என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் கும்பல் காரில் ஏறித் தப்பிவிட்டது.

இன்னொரு சான்றும் இருக்கிறது. 1934 மே 23 அன்று லூசியானாவில் கிப்ஸ்லாண்ட் அருகே கிளைட்டையும் அவன் காதலி போனி பார்க்கரையும் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு காரிலிருந்து எடுத்த ஆயுதங்களுக்குப் பட்டியல் போட்டார்கள். மூன்று பி.ஏ.ஆர், வெட்டிக் குட்டையாக்கிய ஷாட்கன் இரண்டு, பத்து கைத்துப்பாக்கிகள், தோட்டா நிரப்பிய பி.ஏ.ஆர் மேகசின் 100. அந்தப் பட்டியலில் தாம்சன் ஒன்றுகூட இல்லை.

கேள்வி: ராணுவத் துப்பாக்கி கொள்ளையர் கையில் எப்படி வந்தது?

பூட்டை உடைத்துத்தான். பாரோ கும்பல் நேஷனல் கார்டு (மாநிலங்களின் துணை ராணுவம்) ஆயுதக் கிடங்குகளில் புகுந்து பி.ஏ.ஆர்களை அள்ளியது. சிறிய ஊர்களில் இந்தக் கிடங்குகளுக்கு இரவில் காவல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. டில்லிஞ்சர் கும்பல் இன்னும் துணிச்சல், போலீஸ் ஸ்டேஷனிலேயே கொள்ளை அடித்தார்கள். 1933 அக்டோபரில் இண்டியானாவில் ஆபர்ன், பெரு என்று இரண்டு ஊர் ஸ்டேஷன்களில் அடுத்தடுத்துப் புகுந்து தாம்சன்களையும் குண்டு துளைக்காத உடுப்புகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மக்கள் வரிப்பணத்தில் போலீசுக்கு வாங்கிய துப்பாக்கி, அதே போலீஸ்காரரைச் சுடுவதற்குப் போனது. இந்தக் காலத்தைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு மிகவும் வேதனை தருவது இந்த ஒரு விஷயம்தான்.

கடையிலும் வாங்கலாம். 1934-க்கு முன்பு மெஷின் கன் வாங்குவதைத் தடுக்கும் மத்திய அரசுச் சட்டமே கிடையாது. "மெஷின் கன் கெல்லி" என்ற கொள்ளையனுக்கு அவன் மனைவி காத்ரின் தாம்சன் வாங்கிக் கொடுத்தது ஃபோர்ட் வொர்த்தில் ஓர் அடகுக் கடையில். கோல்ட் கம்பெனி 1921, 22-இல் 15,000 தாம்சன்கள் செய்து கொடுத்தது. விலை 200 டாலர், பிறகு 175. ராணுவமும் பெரிதாக வாங்கவில்லை, பொதுமக்களும் வாங்கவில்லை, வருஷக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. 1934 ஜூனில் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் மெஷின் கன்னுக்கும் குட்டைக் குழல் ஷாட்கன்னுக்கும் 200 டாலர் வரி போட்டது. ஒரு தாம்சன் வாங்கிய விலை அப்படியே வரியாகிவிட்டது. முதல் மசோதாவில் கைத்துப்பாக்கியும் இருந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: டாமி கன்னில் அந்த வட்ட டிரம்தானே எல்லோரும் போட்டார்கள்?

50 தோட்டா டிரம், 100 தோட்டா டிரம் இரண்டும் உண்டு. ஆனால் நீளமான 20 தோட்டா மேகசின்தான் கைக்கு அடக்கம். டிரம் நிரப்ப நேரம் பிடிக்கும், நடந்தால் உள்ளே கடகடவென்று சத்தம் போடும், கோட்டுக்குள் மறைக்கவும் முடியாது.

கேள்வி: பேபி ஃபேஸ் நெல்சனிடம் ஒரு விசித்திரமான பிஸ்டல் இருந்ததாமே? அதை எப்படி மெஷின் கன்னாக மாற்றினார்கள்?

இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடையாது, முதலிலேயே சொல்லிவிட்டேன். முதல் கேள்விக்கு வருவோம். சான் அன்டோனியோவில் ஹைமன் லெப்மன் என்று ஒரு துப்பாக்கிக் கடைக்காரர். கோல்ட் பிஸ்டலைத் தொடர்ச்சியாகச் சுடும்படி மாற்றி, முன்னால் தாம்சனின் கைப்பிடியைப் பொருத்தி, நீள மேகசின் போட்டு விற்றார். பார்ப்பதற்குப் பொம்மை மாதிரி இருக்கும். 1934 ஏப்ரல் 22 இரவு விஸ்கான்சினில் லிட்டில் பொஹிமியா விடுதியில் தங்கியிருந்த டில்லிஞ்சர் கும்பலை மத்திய அதிகாரிகள் முற்றுகையிட்டது குளறுபடியாக முடிந்தபோது, கும்பலில் இருந்த நெல்சன் அப்படிப்பட்ட ஒரு பிஸ்டலால்தான் கார்ட்டர் பாம் என்ற அதிகாரியைக் கொன்றான். பாமின் பெயரையும் நினைவில் வையுங்கள். நெல்சன் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது.

கேள்வி: அண்ணா, ஒருவர் "டில்லிஞ்சரின் சொந்தப் பிஸ்டல்" என்று விற்கிறார். சான்றிதழ் தருகிறாராம். வாங்கலாமா?

வேண்டாம். சான்றிதழ் எழுத ஒரு தாள் போதும். அந்தத் துப்பாக்கியின் சீரியல் எண், அந்தக் காலத்துப் போலீஸ் அல்லது நீதிமன்ற ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது இடைவெளி இல்லாமல் எழுத்தில் இருக்க வேண்டும். "எங்கள் தாத்தா ஷெரிப்பாக இருந்தார்" என்பது ஆவணம் இல்லை.

கேள்வி: கிளைட்டின் டாமி கன் இப்போது எந்த மியூசியத்தில் இருக்கிறது?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டில்லிஞ்சர் மரத்துப்பாக்கியைக் காட்டித் தப்பித்தது நிஜமா?

1934 மார்ச் 3, இண்டியானாவில் கிரவுன் பாயிண்ட் சிறை. மரத்தில் செதுக்கிக் கருப்புப் பூசிய துப்பாக்கியைக் காட்டித்தான் மிரட்டினான். ஆனால் வெளியேறும் வழியில் சிறையிலிருந்த நிஜத் தாம்சன்கள் இரண்டை எடுத்துக்கொண்டான், அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஷெரிப்பின் ஃபோர்டு காரிலேயே ஏறி மாநில எல்லையைத் தாண்டினான். திருட்டுக் காரோடு எல்லை தாண்டுவது மத்திய அரசுக் குற்றம், அதனால்தான் வாஷிங்டன் அதிகாரிகள் அவன் பின்னால் வர வழி கிடைத்தது.

கேள்வி: போனி பார்க்கர் எத்தனை பேரைச் சுட்டாள்? சுருட்டும் துப்பாக்கியுமாகப் போட்டோவே இருக்கிறதே.

அந்தப் போட்டோ விளையாட்டுக்கு எடுத்தது. 1933 ஏப்ரல் 13 அன்று மிசௌரியில் ஜாப்ளின் நகர வீட்டில் நடந்த சண்டையில் இரண்டு போலீஸ்காரர்கள் இறந்தார்கள். கும்பல் ஓடியபோது விட்டுப்போன பிலிம் சுருளைக் கழுவியதில் வந்த படம் அது. பத்திரிகைகள் அதை வைத்து அவளைச் சுருட்டுப் பிடிக்கும் கொலைகாரியாக்கிவிட்டன. கும்பலில் இருந்த டபிள்யூ.டி. ஜோன்ஸ் என்ற பையன், தான் கூட இருந்த சண்டை எதிலும் அவள் சுட்டதைப் பார்த்ததில்லை என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறான்.

(அதே நண்பர்): ஜோன்ஸ் 1933-லேயே கும்பலை விட்டுப் போய்விட்டான். 1934 ஏப்ரலில் டெக்சஸில் கிரேப்வைன் அருகே இரண்டு போலீஸ்காரர்களின் கொலை நடந்தபோது அவன் அங்கே இல்லை. விழுந்துகிடந்த போலீஸ்காரரை அவள் கிட்டே வந்து சுட்டதை ஒருவர் நேரில் பார்த்திருக்கிறார். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நல்ல கேள்வி. ஜோன்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அவன் சாட்சி கிரேப்வைனுக்குப் பொருந்தாது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த விவசாயி பார்த்தது வெகு தூரத்திலிருந்து. அவர் அடையாளம் காட்டியதும் பிறகு நிற்கவில்லை. மறுபக்கம் ஹென்றி மெத்வின், கும்பலைச் சேர்ந்தவன், அன்று அங்கே இருந்தவன், தானே சுட ஆரம்பித்ததாக ஒப்புக்கொண்டான். வந்த போலீஸ்காரர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் கிளைட் சொன்னதை, சுடச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டானாம்.

(இன்னொருவர்): மெத்வின் சொல்வதை எப்படி நம்புவது? கிளைட்டையும் போனியையும் போலீசுக்குக் காட்டிக்கொடுத்த குடும்பம்தானே?

காட்டிக்கொடுத்தவன், உண்மை. தன் மேல் பழி வராமல் இருக்கத்தானே அப்படிப்பட்டவன் பார்ப்பான்? இறந்துபோன போனி மேல் போட்டுவிட்டுத் தப்பித்திருக்கலாமே. தன் மேல் போட்டுக்கொண்டதால்தான் அதற்கு மதிப்புக் கொடுக்கிறேன்.

இதில் போனியைப் பற்றியே பத்துப் பேர் பேசுகிறோம். இறந்தவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவிடுங்கள். வீலர், மர்ஃபி, இருவரும் நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸ். அன்று ஈஸ்டர் ஞாயிறு. ரோட்டோரம் ஒரு கார் நிற்கிறதே, ஏதாவது உதவி வேண்டுமோ என்று மோட்டார் சைக்கிளைத் திருப்பியவர்கள். மர்ஃபி வேலைக்குப் புதிது. அவருடைய ஷாட்கன்னில் தோட்டா போட்டிருக்கவில்லை, தோட்டாக்கள் சட்டைப்பையில் இருந்தன. கல்யாணத்துக்குச் சில நாள்தான் இருந்தது. கட்டிக்கொள்ளவிருந்த பெண் கல்யாண உடையோடு இறுதிச் சடங்குக்கு வந்தார். அதுவரை இந்த ஜோடியை ஏதோ காதல் கதை மாதிரிப் பார்த்த டெக்சஸ் மக்களின் மனம் மாறியது இதற்குப் பிறகுதான். போனி சுட்டாளா இல்லையா என்பது சட்டத்துக்கு ஒரு கேள்வி. இரண்டு வருஷம் அந்தக் காரில் உட்கார்ந்திருந்தவள், மேகசின்கள் எதற்கு என்று தெரியாமல் இருக்கவில்லை.

கேள்வி: சட்டத்தின் பக்கம் இருந்தவர்கள் எதை வைத்துச் சமாளித்தார்கள்?

ஆரம்பத்தில் சமாளிக்கவே இல்லை. ஊர்ப் போலீஸிடம் இருந்தது பாயிண்ட் 38 ஸ்பெஷல் ரிவால்வர். அதன் ஈயக் குண்டு ஃபோர்டு கதவில் பட்டால் பள்ளம்தான் விழும். மத்தியப் புலனாய்வு அதிகாரிகளுக்கு (அப்போது எஃப்.பி.ஐ. என்ற பெயர்கூட வரவில்லை, அது 1935-இல்) துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவான சட்ட அதிகாரமே 1934 ஜூனில்தான் கிடைத்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1933 ஜூன் 17 அன்று, கான்சாஸ் சிட்டி ரயில் நிலைய வாசலில் ஒரு கைதியோடு சேர்த்து நான்கு அதிகாரிகள் சாக வேண்டியிருந்தது.

துப்பாக்கிக் கம்பெனிகள் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தன. கோல்ட் 1929-இல் பாயிண்ட் 38 சூப்பர் கொண்டுவந்தது, கார் தகட்டையும் அந்தக் காலத்துக் கவச உடுப்பையும் துளைக்கும் என்பதே அதற்கு விளம்பரம். ஸ்மித் அண்ட் வெஸன் 1935-இல் பாயிண்ட் 357 மேக்னம் கொண்டுவந்து முதல் துப்பாக்கியை எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்குக் கொடுத்தது. 1931-இல் கோல்ட் பி.ஏ.ஆரையே போலீசுக்காகக் கொஞ்சம் குட்டையாக்கி 'மானிட்டர்' என்று விற்றது, செய்தது மொத்தம் 125தான்.

கிப்ஸ்லாண்டில் காத்திருந்தது முன்னாள் டெக்சஸ் ரேஞ்சர் ஃபிராங்க் ஹேமரோடு சேர்த்து ஆறு பேர். கிளைட்டின் ஃபோர்டு V8-ஐ நிறுத்த கைத்துப்பாக்கி போதாது என்று தெரிந்தே வந்திருந்தார்கள். டல்லாஸ் துணை ஷெரிப் டெட் ஹின்டன் கையில் பி.ஏ.ஆர். முதலில் சுட்டது உள்ளூர் துணை ஷெரிப் பிரென்டிஸ் ஓக்லி, ரெமிங்டன் மாடல் 8 என்ற அரைத் தானியங்கி ரைஃபிளால். மான் வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் துப்பாக்கி அது. முதல் குண்டிலேயே கிளைட் போய்விட்டான் என்றுதான் சொல்கிறார்கள், கார் மட்டும் உருண்டுகொண்டே வந்தது. மற்றவர்களும் சேர்ந்து சுட்டது சுமார் 130 ரவுண்டு.

கேள்வி: அப்போதெல்லாம் எந்தத் துப்பாக்கியால் சுட்டது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். 1929 பிப்ரவரி 14 சிகாகோ காதலர் தினக் கொலையில் ஏழு பேர் இறந்தார்கள், தரையில் 70 காலித் தோட்டா உறைகள். கொலைகாரர்களில் சிலர் போலீஸ் உடுப்பில் வந்ததால் போலீஸ் மேலேயே சந்தேகம். கால்வின் கோடார்ட் இரட்டை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, போலீஸ் தாம்சன்கள் இல்லை என்று முதலில் நிரூபித்தார். அந்த டிசம்பரில் மிச்சிகனில் ஃபிரெட் பர்க் என்ற கூலிக் கொலையாளியின் வீட்டில் கிடைத்த இரண்டு தாம்சன்கள் அச்சாகப் பொருந்தின. அவை இன்றும் அங்கே ஒரு ஷெரிப் அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. நான் மேலே சொன்ன இடைவெளியில்லாத ஆவணம் என்றால் இதுதான்.

கேள்வி: பில்லி தி கிட் வைத்திருந்த துப்பாக்கி?

அது 50 வருஷம் முந்திய கதை, என் பாடம் இல்லை. அதற்கென்று படித்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: கிளைட் டாமி கன்னோடு நிற்கும் படம் கிடைக்குமா?

மூன்றாவது தடவை. பி.ஏ.ஆர்.

கேள்வி: நாங்களும் டல்லாஸ்தான் சார். பக்கத்தில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

துப்பாக்கி பார்க்க வேண்டுமென்றால் வேக்கோ போங்கள், டெக்சஸ் ரேஞ்சர் மியூசியம். அதற்கு முன்னால் ஒரு நாள் கிரேப்வைனுக்குப் பக்கத்தில் சவுத்லேக்கில் 114-ஆம் நெடுஞ்சாலையை விட்டு டவ் ரோட்டில் திரும்புங்கள். ரோட்டோரமாக வீலர், மர்ஃபி பெயர் பொறித்த ஒரு கல் இருக்கிறது. வேகமாகப் போனால் கண்ணில் படாது. நான் போன அன்று யாரோ ஒரு சின்னக் கொடியைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.