இலை எடை போடும் வகுப்பு: நடித்துக் கற்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (கோத்தகிரி): ஐந்தாம் வகுப்பில் 20 பேர். நடிக்கச் சொன்னால் நான் எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பிக்கிறார்கள். அவர்களே நடத்த என்ன வழி?

பதில்: டீச்சர், வசனத்தை விட்டுவிட்டு ஒரு சிக்கலைக் கொடுங்கள். தேயிலை எடை போடும் இடம் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. நாலு பேராக ஐந்து குழு: இலை கொண்டுவருபவர், எடை போடுபவர், கணக்கு எழுதுபவர், இலையை வாங்கும் ஏஜென்ட். அட்டையில் இவ்வளவு போதும்: ‘30 கிலோ இலை, மழையில் நனைந்தது. ஈரத்துக்காக 10 கிலோவுக்கு 1 கிலோ கழிக்க வேண்டும் என்கிறார் ஏஜென்ட். இலைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. கிலோ 20 ரூபாய்.’ கழித்தால் 27 கிலோ, 540 ரூபாய், கழிக்காவிட்டால் 600. அந்த 60 ரூபாய்க்காக வாதாடும்போது பேச்சு தானாக வரும். 40 நிமிடத்தில் விளக்க 5, தயாராக 10, நடிக்கக் குழுவுக்கு 3 வீதம் 15, நடித்ததைப் பற்றிப் பேசிப் பார்க்க 10. நேரம் போதாமல் கடைசிப் பத்தை வெட்டுவதுதான் வழக்கமான தவறு; அதை வெட்டினால் விளையாட்டு மட்டுமே மிஞ்சும்.

கேள்வி (குன்னூர்): நன்றாகப் பேசும் இரண்டு பேரே எல்லாப் பாத்திரத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள்.

பதில்: சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். வாயே திறக்காத பிள்ளைக்கு மட்டும் கணக்கு நோட்டை நீங்களே கொடுங்கள். பேச்சு குறைவு, ஆனால் அந்த நோட்டைப் பார்க்காமல் சண்டை தீராது.

கேள்வி (மஞ்சூர்): ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறை.

பதில்: தொடக்க வகுப்புகளுக்கான அரசுத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ பாடத்தில் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து உட்காருபவர்களை இதற்கு மட்டும் கலந்துவிடுங்கள். ஒரு காகித உருண்டை ஒரு கிலோ. அரும்பு எண்ணிக் கூடையில் போடட்டும், மொட்டு கூட்டட்டும், மலர் ரசீது எழுதட்டும்.

கேள்வி (கூடலூர்): வீட்டு மொழியில் பேசும் பிள்ளைகளைக் கேலி செய்கிறார்கள்.

பதில்: தயாராகும் 10 நிமிடம் எந்த மொழியிலும் பேசலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலையைத்தான் நடிக்கலாம், ஒருவர் பேச்சையோ நடையையோ சாதியையோ நடிக்கக் கூடாது. மீறினால் அங்கேயே நிறுத்தி, அதே காட்சியை முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

கேள்வி (ஊட்டி): நடுவில் கணக்கைத் தப்பாகப் போட்டால் திருத்தலாமா சார்?

பதில்: வேண்டாம். பின்வரிசையில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். நேரம் பார்ப்பதும் ஒரு பிள்ளையின் வேலை. பேசிப் பார்க்கும்போது, ‘கணக்கரே, 3 கிலோ எப்படி வந்தது?’ என்று பாத்திரத்தின் பெயரிலேயே கேளுங்கள்.