கலந்தால் கரைந்துவிடுமா?

கேள்வி: என் அம்மா வழித் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாய். சைகோனில் இருந்தபோது வியட்நாம் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்பாவுடைய அம்மாவைப் பெற்றவர் பிரெஞ்சுக்காரர். மூன்று நாட்டு ரத்தம் ஓடும் எனக்கு நிறவெறி எப்படி வரும்? எல்லோரும் கலந்து மணந்தால் இந்தத் தொல்லையே ஒழியாதா? இன்னொரு வேடிக்கை: ஒயிட் டவுன் ஓட்டல் வாசலில் காவலாளி எனக்குச் சலாம் போட்டார், பின்னால் வந்த தம்பியை (அவன் கறுப்பு) "யாரைப் பார்க்கணும்?" என்று நிறுத்திவிட்டார். இதை நிறவெறி என்று சொன்னால், "உனக்கு என்ன குறை, நீதான் வெள்ளைக்காரி மாதிரி இருக்கியே" என்கிறார்கள் தோழிகள். – பெயர் வேண்டாம், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: கலப்புதான் மருந்து என்றால் புதுச்சேரி எப்போதோ குணமாகியிருக்க வேண்டும், சகோதரி. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் மனைவி ழான் 1706-ல் இங்கேயே பிறந்தவர். தகப்பனார் பிரெஞ்சுக்காரர், தாயார் வழியில் போர்த்துகீசிய-இந்தியக் கலப்பு. தமிழும் பேசுவார். 1748-ல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டபோது, அந்த அம்மாளின் கைவரிசை இது என்று கவர்னரின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் குமுறுகிறார். பிள்ளைக்கு அவர்மேல் ஏற்கெனவே ஆகாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இருந்தாலும், இந்த மண்ணில் பிறந்ததும் இந்த மொழியைப் பேசியதும் அதிகாரத்தில் இருந்த அந்த அம்மாளை இளகவைத்ததாகத் தெரியவில்லை.

கலந்து பிறந்தவர்கள் தங்களுக்குள்ளேயே மேல் கிரெயோல், கீழ் கிரெயோல் என்று படி கட்டிக்கொண்டார்கள். பிரெஞ்சு ரத்தம் தூக்கலாக இருந்தால் மேலே. தமிழ், போர்த்துகீசியச் சாயல் கூடினால் கீழே. சாதிக்குப் பேர்போன ஊரில் இது அதிசயமும் இல்லை.

பெயரை வைத்து ஆளை எடைபோடுவதும் இங்கே நடக்காது. 1881-ம் ஆண்டு ஆணையின்படி பலர் தங்கள் மத, சாதி வழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றார்கள். புதிதாகக் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். ஐரோப்பியச் செருப்புடன் நீதிமன்றத்துக்குள் போனதற்காக 1873-ல் வெளியேற்றப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்ற வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை, பிறகு லாப்போர்த் ஆனார். சொட்டு பிரெஞ்சு ரத்தம் இல்லாமலே. ரத்தம் வேண்டாம், சட்டம் போதும் என்றுதானே அவர்கள் நம்பினார்கள்? 1884-ல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தது அரசு: ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர் ஒன்று, மற்றவர் ஒன்று. துறந்தாலும் வெள்ளைக்காரர் வரிசையில் சேர்க்கவில்லை.

சுதந்திர இந்தியாவின் கணக்கும் விசித்திரம்தான். அரசியல் சாசனத்தின் 366-வது பிரிவில் ஆங்கிலோ இந்தியர் என்றால், தந்தை வழி ஆண் முன்னோரில் ஒருவராவது ஐரோப்பிய வம்சமாக இருக்க வேண்டும். உங்கள் பிரெஞ்சுக் கொள்ளுத்தாத்தா ஒரு பெண் வழியாக வந்துவிட்டார், ஆகவே தள்ளுபடி. அதே மனிதர் அப்பாவின் அப்பாவைப் பெற்றிருந்தால் நீங்களும் தம்பியும் சட்டப்படி வேறு சமூகம். வியட்நாம் பாட்டிக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

இப்போது ஓட்டல் வாசலுக்கு வருவோம். தம்பி சிரித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருவருக்குச் சலாம், ஒருவருக்கு விசாரணை. அந்தக் காவலாளியும் பாகூர்ப் பக்கமோ கடலூர்ப் பக்கமோ உள்ள கறுத்த மனிதராகத்தான் இருப்பார். முதலாளி யாரை உள்ளே விடச் சொல்லுவார் என்று அவருக்குத் தெரியும். ஆக, தோழிகள் சொன்னதில் பாதி சரி. அந்த வாசலில் உங்களுக்குக் குறை இல்லை, சலுகைதான் கிடைத்தது. அதனால் வாயை மூடு என்பது மட்டும் தப்பு. சலாம் வாங்கியவர் பேசினால்தான் மேனேஜர் காது கொடுத்துக் கேட்பார். தம்பி கேட்டிருந்தால் தகராறு செய்கிறான் என்பார்கள். அதே நீங்கள் நாளை பாரிஸில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால், அங்கே நீங்கள்தான் தம்பி. இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழித்துக்கொள்ள முடியாது.

"எனக்கு நிறவெறி கிடையாது" என்பதையும் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். நடந்ததை "வேடிக்கை" என்று எழுதியவர் நீங்கள்தான்.

இது உங்கள் வீட்டுச் சங்கதி மட்டும் இல்லை. 2024 ஜூலை 31-ல் சிகாகோவில் டிரம்ப், கமலா ஹாரிஸ் இவ்வளவு நாள் இந்தியராக இருந்துவிட்டுத் திடீரென்று கறுப்பினத்தவர் ஆகிவிட்டார் என்று கேலி பேசினார். தன் மகள்களை அமெரிக்கா கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று தெரிந்தேதான் தாய் சியாமளா வளர்த்தார் என்று கமலா எழுதியிருக்கிறார். நாம் என்ன செய்தோம்? துளசேந்திரபுரத்துப் பேத்தி, நம்ம தமிழ்ப் பொண்ணு என்று கொண்டாடினோம். அப்பா ஜமைக்காவில் பிறந்த கறுப்பினத்தவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், பெயர் டொனால்டு ஹாரிஸ். அவரை மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டவர் யாரையும் நான் பார்க்கவில்லை.